கதவைத் தட்டப் பழகுதல்: யாழ்ப்பாணத்துப் புதுமுக மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரம் படித்த காலத்தில் யாராவது ஒருவர் எங்களைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். ரியூசனுக்கு ஒரு நாள் போகாவிட்டால் சேர் வீட்டுக்குப் போன் எடுப்பார். ரியூட் அச்சடித்துக் கைக்கு வரும். எந்தக் கேள்வி வரும் என்பதைக்கூட அவரே சொல்லிவிடுவார். விடிய ஐந்து மணிக்கு அம்மா தேத்தண்ணியோடு எழுப்புவார். இப்படி நாலு பேர் பின்னால் நின்று தள்ளித்தான் எங்களில் பலர் கம்பஸ் அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி எடுத்து, பரமேஸ்வராச் சந்தி தாண்டிக் கம்பஸ் வாசலுக்குள் காலெடுத்து வைக்கிறோம்.

உள்ளே போனதும் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. விரிவுரைக்கு வராவிட்டால் வீட்டுக்கு யாரும் சொல்வதில்லை. விளங்காமல் முகம் வாடியிருந்தாலும் நிறைந்த மண்டபத்தில் அது யாருடைய கண்ணிலும் படாது. உதவி இல்லை என்று அர்த்தமில்லை. விரிவுரையாளர், செய்முறை உதவியாளர், ஆங்கில மொழி கற்பித்தல் நிலையம், நூலகம், மாணவர் ஆலோசகர் என்று உள்ளே நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தட்ட வேண்டியது நாங்கள்.

நான் அந்தக் கதவைத் தட்ட ஒன்றரை வருடம் எடுத்தேன். கேட்டால் மொக்கு என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு பாடத்தில் விழுந்தேன், இன்னும் இரண்டில் தப்பிப் பிழைத்தேன். பிறகு அதே கம்பஸ் வளாகத்தில் கொஞ்சக் காலம் செய்முறை வகுப்புகளில் உதவியாளராக நின்றபோது, என்னைப் போலவே வாசலில் நின்று திரும்பிப் போகிற பிள்ளைகளைத் தினமும் கண்டேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை மனதில் வைத்து எழுதினாலும், இலங்கையின் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலாவது படி: கையேட்டை வாசித்துக் கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு மாணவர் கையேடு இருக்கும். அச்சாகவோ பீடத்தின் இணையத்தளத்திலோ கிடைக்கும். முதல் வாரமே அதில் நாலு விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பாட அலகுக்கும் எத்தனை கிரெடிட், தொடர் மதிப்பீட்டுக்கு (தவணைக்குள்ளேயே ஒப்படை போன்றவற்றுக்கு இடும் புள்ளி) எத்தனை வீதம் இறுதிப் பரீட்சைக்கு எத்தனை வீதம், வரவு எவ்வளவு வேண்டும், சுகவீனம் வந்தால் என்ன செய்வது. வரவு பெரும்பாலான இடங்களில் 80 வீதம். அதற்குக் கீழே போனால் பரீட்சை எழுதவே விடமாட்டார்கள்.

கிரெடிட் என்பதைப் பலர் வெறும் எண்ணாகப் பார்க்கிறார்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணி நேரம். அதில் விரிவுரை மண்டபத்தில் இருப்பது ஏறத்தாழ 45 மணி நேரம்தான். மிச்சம் 105 மணி நேரத்தை நீங்களாகவே படிப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டுதான் பாடத்திட்டமே போடப்பட்டிருக்கிறது. பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு வாரம் ஏழு மணி நேரம். விரிவுரையைக் கேட்டுவிட்டு வந்தாலே படித்தாயிற்று என்று நினைக்கிற பழக்கம் இந்தக் கணக்கில்தான் உடைகிறது. இந்த வழிகாட்டியில் சொல்லப்போகிற உதவிகள் எல்லாமே அந்த 105 மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்குத்தான்.

வகுப்புச் சித்திக்கான எல்லைகளையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக ஜிபிஏ (தரப்புள்ளிச் சராசரி) 3.70க்கு மேல் முதலாம் வகுப்பு, 3.30க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00க்கு மேல் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு. பல பீடங்களில் ஒரு பாடத்தை மீள எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். அதாவது முதல் வருடத்தில் ஒரு பாடம் விழுந்தால், அந்த இடத்தில் சி தரத்துக்குரிய 2.00க்கு மேல் வர வழியே இல்லாமல் போகலாம். சிறப்புக் கற்கைநெறிக்குத் தெரிவு செய்யும்போதும் ஆரம்ப ஆண்டுகளின் பெறுபேற்றைத்தான் பார்க்கிறார்கள். “முதல் வருடம் சும்மா அனுபவியுங்கோ” என்று யாராவது அண்ணா சொன்னால் அன்போடு கேட்டுக்கொண்டு கையேட்டைப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது படி: எந்தப் பிரச்சினைக்கு யாரிடம் போவது

ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய் அலைகிறவர்கள் நிறையப் பேர். பாடத்தில் ஒரு கருத்து விளங்கவில்லை என்றால் முதலில் செய்முறை உதவியாளரிடமோ தற்காலிக உதவி விரிவுரையாளரிடமோ போங்கள். இவர்கள் ஓரிரு வருடத்துக்கு முன்னர்தான் அதே வாங்கில் இருந்தவர்கள். எங்கே தடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களாலும் தீராததைத்தான் விரிவுரையாளரிடம் கொண்டுபோக வேண்டும். பாடத்தெரிவு, நேர மோதல் போன்றவற்றுக்குத் துறைத் தலைவர் அல்லது உங்களுக்கென ஒதுக்கப்பட்ட கல்வி ஆலோசகர். பதிவு, பரீட்சை விண்ணப்பம், கடிதங்கள் பீட அலுவலகத்தில். வீட்டுப் பிரச்சினை, பணம், மனச்சோர்வு, விடுதிச் சிக்கல் என்றால் மாணவர் ஆலோசகர். அவரும் ஒரு விரிவுரையாளர்தான், ஆனால் உங்கள் சொந்தக் கதையைக் கேட்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர்.

உங்கள் பீடம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கலையும் விஞ்ஞானமும் திருநெல்வேலி வளாகத்தில். மருத்துவ பீடம் ஆடியபாதம் வீதியில். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். அறிவியல் நகர்ப் பிள்ளைகள் ஒவ்வொரு அலுவலுக்கும் ஏ9 வீதியில் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. எந்தெந்த அலுவல் உங்கள் வளாகத்திலேயே முடியும் என்று பீட அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: விரிவுரையாளரைச் சந்திப்பது

இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பயம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

விரிவுரை முடிந்ததும் மேசையைச் சுற்றி நாலு பேர் நிற்கும்போது கேட்பது ஒரு வழி. சின்னச் சந்தேகத்துக்கு அது போதும். பெரிய சந்தேகம் என்றால் நேரம் கேட்டுப் போங்கள். பலர் எந்த நாள் எத்தனை மணிக்கு மாணவரைச் சந்திக்கலாம் என்று அறை வாசலில் ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சல். பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள், பதிவிலக்கத்தைப் போடுங்கள், நாலு வரியில் முடியுங்கள். இப்படி:

“மதிப்பிற்குரிய சேர், நான் முதலாம் ஆண்டு மாணவி, பதிவிலக்கம் இது. செவ்வாய்க்கிழமை விரிவுரையில் சொன்ன இரண்டாவது உதாரணத்தில் ஒரு படி எனக்கு விளங்கவில்லை. நான் செய்து பார்த்ததைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். வியாழன் அல்லது வெள்ளி பத்து நிமிடம் சந்திக்க முடியுமா?”

இவ்வளவுதான். ஆங்கில மொழிமூலம் என்றால் இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மூன்று வேலை நாள் பார்த்தும் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

போகும்போது கேள்வி கூராக இருக்க வேண்டும். “சேர், வெப்ப இயக்கவியல் ஒன்றுமே விளங்கேல்லை” என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? அதே ஆள் இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும்: “மீளாத செயன்முறையிலும் எந்திரப்பி மாற்றத்தைக் கணிக்க மீளும் பாதை ஒன்றை எடுக்கிறோமே, அது எப்படிச் சரியாகும்?” இப்போது அவருக்கு உங்கள் தடை எங்கே என்று தெரிகிறது. எந்திரப்பி தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் மட்டும் சார்ந்தது, வந்த பாதையைச் சார்ந்ததில்லை என்று இரண்டே நிமிடத்தில் முடிச்சை அவிழ்ப்பார்.

கூரான கேள்வி தானாக வராது. அதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும். குறிப்பைத் திறந்து வரி வரியாக வாசித்து, விளங்கின வரிக்குப் பக்கத்தில் சரி போடுங்கள். எந்த வரியில் பேனை நிற்கிறதோ அதுதான் உங்கள் கேள்வி. அந்த வரியை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள், எங்கே முட்டுகிறது என்று இரண்டு வசனம் எழுதுங்கள். பாதிச் சந்தேகம் எழுதும்போதே தீர்ந்துவிடும். மிச்சத்தைக் கொண்டுபோங்கள்.

நான் கடைசியில் கதவைத் தட்டியது, விழுந்த பாடத்தை மீள எழுத இருந்தபோது. கொப்பியோடு போய் நின்றேன். “எந்த வரி?” என்று மட்டும்தான் விரிவுரையாளர் கேட்டார். காட்டினேன். ஒரு தாளை எடுத்துப் படம் கீறினார். பத்து நிமிடம் ஆகவில்லை. வெளியே வந்து மரத்தடியில் இருந்து அந்தத் தாளை மூன்று தரம் பார்த்தேன். மொக்கு என்று அவர் நினைத்திருப்பாரோ என்று ஒன்றரை வருடம் பயந்தேனே, அடுத்த முறை வழியில் கண்டபோது “இப்ப ஓகேயா?” என்று அவர்தான் முதலில் கேட்டார்.

எல்லா விரிவுரையாளரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் அவசரத்தில் சுருக்கமாகப் பேசுவார்கள், சிலர் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அதை உங்கள் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடாதீர்கள். சொன்ன நாளில் திரும்பப் போங்கள்.

நான்காவது படி: ஆங்கிலம்

விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் என்று பல பீடங்களில் ஆங்கிலத்தில்தான் படிப்பு. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வந்து அந்த முதல் விரிவுரையில் இருக்கும்போது வயிற்றைப் பிசையும். பாடசாலையில் எப்போதும் முதலாம் பிள்ளையாக வந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம் வலிக்கும்.

ஒன்றை நம்புங்கள்: முதல் தவணையில் வருவதில் கணிசமான பங்கு உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தது, பெயர்தான் புதிது. பிரசாரணம் இங்கே ஒஸ்மோசிஸ், உந்தம் மொமென்டம், சடத்துவம் இனேர்ஷியா, தொகையீடு இன்டகிரேஷன், ஒளித்தொகுப்பு ஃபோட்டோசிந்தசிஸ். ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஒவ்வொரு விரிவுரையிலும் வரும் புதுச் சொல்லை இடப்பக்கமும், உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல்லை வலப்பக்கமும் எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். ஒரு மாதத்தில் விரிவுரை காதுக்குள் நுழையத் தொடங்கும். உயர்தரக் கொப்பிகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் வருடம் முழுக்க அவை உங்களுக்குத் தேவை.

அப்புறம், கேள்வித்தாளின் கட்டளைச் சொற்கள். டிஃபைன் என்றால் வரைவிலக்கணம் மட்டும். டிஸ்கஸ் என்றால் இரு பக்கமும் எடுத்து ஆராய வேண்டும். கொம்பெயார் என்றால் ஒற்றுமை, வேற்றுமை. ஜஸ்டிஃபை என்றால் காரணம் காட்டி நிறுவ வேண்டும். டிரைவ் (derive) என்றால் சமன்பாட்டை அடியிலிருந்து பெற்றுக் காட்ட வேண்டும். பாடம் தெரிந்தும் இந்தச் சொல்லைப் பிழையாக எடுத்துப் புள்ளியை விட்ட விடைத்தாள்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆங்கில மொழி கற்பித்தல் நிலையத்தின் வகுப்புகளைச் சிலர் வரவுக்காக மட்டும் போய் வருகிறார்கள். அது பெரிய இழப்பு. நீங்கள் எழுதின ஆய்வுகூட அறிக்கையையோ ஒப்படையின் ஒரு பந்தியையோ எடுத்துக்கொண்டு போய், “மிஸ், இதில் என் வசனம் எங்கே பிழைக்கிறது?” என்று கேளுங்கள். பொதுவான இலக்கணப் பயிற்சி பத்துச் செய்வதைவிட, உங்கள் சொந்த வசனம் ஒன்று திருத்தப்படுவது அதிகம் கற்றுத்தரும். கலைப்பீடத்தில் தமிழில் படிக்கிறவர்களும் இதை விட்டுவிடக் கூடாது. உங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, இறுதியாண்டு ஆய்வுக்கு அவை வேண்டும்.

ஐந்தாவது படி: நூலகம்

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அந்த இழப்பை இன்றும் சொல்லி வருந்துகிற ஊர் இது. அந்த ஊரின் பல்கலைக்கழக நூலகத்தில் பரீட்சைக் காலத்தில் மட்டும் மேசைக்கு அடிபடுவதும் மற்ற நாளில் தட்டுகள் ஆளில்லாமல் கிடப்பதும் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

முதல் வாரமே அங்கத்துவ அட்டை எடுங்கள். புதுமுகருக்கு நூலகர்கள் நடத்தும் அறிமுக வகுப்பைத் தவறவிடாதீர்கள். கணினிப் பட்டியலில் நூலின் பெயரைத் தேடி, அதன் அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு தட்டுக்குப் போக வேண்டும். நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் இரசாயனவியல் 540இல், பொருளியல் 330இல், தமிழ் இலக்கியம் 894.811இல். தேடிய நூலை எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள், அதன் இரு பக்கமும் இருக்கிற பத்து நூல்களையும் புரட்டிப் பாருங்கள். அதே பாடத்தை இன்னும் இலகுவாகச் சொல்கிற ஒன்று அங்கே இருக்கக்கூடும். எல்லோரும் கேட்கிற பாடநூல்களைப் பெரும்பாலும் குறுகிய நேரத்துக்குத்தான் இரவல் தருவார்கள். எந்த நூலுக்கு என்ன விதி என்று கருமபீடத்தில் கேட்டுத் திட்டமிடுங்கள்.

தமிழில் ஈழத்து வரலாறு, இலக்கியம், சமூகம் பற்றி எழுதுகிறவர்களுக்கு 2005இல் தொடங்கிய “நூலகம்” என்ற இணைய எண்ணிம நூலகம் இருக்கிறது. பழைய சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் எல்லாம் வருடி ஏற்றியிருக்கிறார்கள். கையில் போன் இருந்தால் போதும். உங்கள் துறையில் முந்தைய மாணவர் எழுதின ஆய்வேடுகளையும் ஒருநாள் கேட்டு வாசித்துப் பாருங்கள். நல்ல ஆய்வேடு எப்படி இருக்கும் என்று முதல் வருடத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆறாவது படி: குப்பி

கம்பஸ் பேச்சில் குப்பி என்றால் மாணவரே மாணவருக்கு எடுக்கிற வகுப்பு. குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அந்த விளக்கு வெறும் கதை இல்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் இருந்த வருடங்களில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட வெளிச்சத்தில் ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்தது. ஒரு விளக்கு, நாலு தலைகள்.

நல்ல குப்பிக்கு நாலு தொடக்கம் ஆறு பேர் போதும். இருபது பேர் சேர்ந்தால் அது இன்னொரு விரிவுரை ஆகிவிடும். ஒவ்வொரு கிழமையும் ஆளுக்கு ஒரு பகுதியை எடுத்து மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள். கேட்கிறவரைவிடச் சொல்கிறவருக்குத்தான் அதிக லாபம். சொல்லிக்கொண்டு போகையில் எங்கே வாய் திக்குகிறதோ அங்கே உங்களுக்கு விளங்கவில்லை. அதைக் குறித்து, மூன்றாவது படியில் சொன்னபடி விரிவுரையாளரிடம் கொண்டுபோங்கள். உங்கள் பட்ச்சில் சிங்களம் பேசுகிறவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். அவர்களும் உயர்தரத்தைச் சிங்களத்தில் முடித்துவிட்டு வந்து உங்களைப் போலவே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த வேண்டி வருவதே பெரிய பயிற்சி.

சீனியர்களிடம் கடந்தகால வினாத்தாள்களும் குறிப்புகளும் கிடைக்கும். வினாத்தாளை நன்றாகப் பயன்படுத்துங்கள், நேரம் வைத்துச் செய்யுங்கள். குறிப்பை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பிழையான ஒரு சமன்பாடு நாலு பட்ச் தாண்டிப் பிரதி எடுக்கப்பட்டு வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இன்னொன்று மிக முக்கியம்: குறிப்புத் தருகிறோம் என்ற பெயரில் யாராவது உங்களை அடக்கவோ அவமானப்படுத்தவோ முயன்றால் அதற்குப் பணிய வேண்டியதில்லை. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். மாணவர் ஆலோசகரிடமோ பீடாதிபதியிடமோ உடனே சொல்லுங்கள். அந்தக் குறிப்பில் இருக்கிற எல்லாம் நூலகத்திலும் இருக்கிறது.

ஏழாவது படி: ஏதாவது பிழைத்துப் போனால்

காய்ச்சல், விபத்து, வீட்டில் ஒரு இழவு. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே அல்லது மறுநாளே துறைக்கு அறிவியுங்கள். மருத்துவச் சான்றிதழை எந்த வைத்தியரிடம் எடுக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் விதி இருக்கும். நான் டெங்கு வந்து படுத்த கிழமையில் யாருக்கும் சொல்லவில்லை, எழும்பினதும் பார்க்கலாம் என்று விட்டேன். சான்றிதழ் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது, ஒரு தொடர் மதிப்பீட்டின் புள்ளி முழுக்கப் போனது. ஒரு நண்பனிடம் கடிதம் கொடுத்துவிட்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

பார்வை, செவிப்புலன், நடமாட்டம் போன்றவற்றில் உங்களுக்கு விசேட தேவை இருந்தால் பரீட்சை வரும்வரை காத்திராதீர்கள். முதல் வாரமே பீட அலுவலகத்துக்கும் மாணவர் ஆலோசகருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒழுங்கு செய்ய அவர்களுக்கும் காலம் வேண்டும்.

படிப்பில் மனம் ஓடவில்லை, நித்திரை இல்லை, அழுகை வருகிறது என்றால் அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான். வீட்டில் சொன்னால் கவலைப்படுவார்கள் என்று பிள்ளைகள் மூடி வைப்பதை நான் அறிவேன். மாணவர் ஆலோசகரிடம் சொல்லுங்கள், பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரு சினேகிதியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எட்டாவது படி: பெறுபேறு வந்த பிறகு

முதல் தவணைப் பெறுபேறு வந்ததும் நல்லதென்றால் கொண்டாட்டம், கெட்டதென்றால் அறைக் கதவைச் சாத்துவது. இரண்டுக்கும் ஒரு நாள் கொடுங்கள். அடுத்த நாள் தாளையும் பேனையையும் எடுத்து, எந்தப் பாடத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது என்று எழுதுங்கள். தொடர் மதிப்பீட்டில் போனதா, இறுதிப் பரீட்சையில் போனதா என்று பிரித்துப் பாருங்கள். தொடர் மதிப்பீடு என்றால் அடுத்த தவணையில் ஒப்படைகளை ஒரு கிழமை முந்தித் தொடங்க வேண்டும். இறுதிப் பரீட்சை என்றால் அந்த விரிவுரையாளரிடம் போய், “என் விடைகளில் பொதுவாக என்ன குறை?” என்று கேளுங்கள். புள்ளியைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அதற்கு மீளாய்வு விண்ணப்பம் என்று தனி வழி இருந்தால் அலுவலகத்தில் கேட்டு அந்த வழியால் போங்கள்.

மீள எழுத வேண்டிய பாடம் இருந்தால், விண்ணப்ப முடிவுத் திகதி அறிவித்தல் பலகையில் வரும். அதைப் போனில் படம் எடுத்து, திகதிக்கு மூன்று நாள் முன்னரே விண்ணப்பத்தைக் கொடுத்து, கையொப்பமிட்ட பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அந்தப் பாடத்தின் விரிவுரையாளருக்கு அந்த நாலு வரி மின்னஞ்சலையும் எழுதிவிடுங்கள்.